கொட்டில் கழிவுநீரும் ஒரு லோடு ஜல்லியும்: வாசகர் கேள்வி பதில்

சாண எரிவாயு பற்றி எழுதும்போது, "கல் நிரப்பிய காற்றில்லாத் தொட்டியில் கால்நடைக் கழிவுநீர் நன்றாகச் செரிக்கும், ஜியோலைட் என்கிற கனிமம் சேர்த்தாலும் பலன் உண்டு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மீதிப் பக்கம் முழுவதையும் விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்கக் கல்தான்.

உடுமலைப்பேட்டை வாசகர்: 20 கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். கோபர் காஸ் தொட்டி 18 கன மீட்டர். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு, கொட்டில் கழுவும் தண்ணீரையும் அதே தொட்டிக்குத் திருப்பிவிட்ட பிறகு மந்தமாகிவிட்டது. வழிந்து வரும் கரைசலும் புளித்து நாறுகிறது. உள்ளே ஒரு லோடு ஜல்லி கொட்டினால் சரியாகுமா?

கொட்டிவிடாதீர்கள். கொட்டியதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு, அதைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது.

முதலில் உங்கள் தொட்டியின் கணக்கைப் பார்ப்போம். 18 கன மீட்டர் என்று நீங்கள் சொல்வதைக் கரைசல் நிற்கும் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்கிறேன் (ஒரு நாளில் கிடைக்கும் காஸின் அளவை வைத்துக் கலனுக்குப் பெயர் சொல்கிறவர்களும் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம்). மாடு ஒன்றுக்கு 15 கிலோ சாணம் என்றால் 20 மாட்டுக்கு 300 கிலோ, அதற்குச் சமமாக 300 லிட்டர் தண்ணீர், ஆக ஒரு நாளைக்கு 600 லிட்டர் கரைசல். 18,000 லிட்டர் தொட்டியில் அது 30 நாள் தங்கும். தென்னிந்தியாவின் வெப்பத்துக்கு அரசு வைத்திருக்கும் கணக்கும் இதே 30 நாள்தான், வடக்கே குளிர் அதிகமான இடங்களுக்கு 55 நாள் வரை போகும். கிலோவுக்கு 40 லிட்டர் என்று பார்த்தால் உங்களுக்கு ஒரு நாளைக்கு 12 கன மீட்டர் காஸ் வந்திருக்க வேண்டும், வந்துகொண்டும் இருந்தது. இப்போது கொட்டில் கழுவ 2,000 லிட்டர் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 2,600 லிட்டர். அதே தொட்டியில் கரைசல் ஏழு நாள் கூட முழுசாகத் தங்காது.

அந்த ஏழு நாளில் என்ன நடக்கிறது என்றால், தொட்டிக்குள் இருப்பது ஒரே வகை நுண்ணுயிர் இல்லை. முதலில் ஒரு கூட்டம் சாணத்தைக் கரைத்து அமிலமாக்குகிறது, அடுத்த கூட்டம் அந்த அமிலத்தை இன்னும் உடைத்து அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன் என்று ஆக்குகிறது, கடைசியில்தான் மீத்தேன் செய்கிற கூட்டம் வருகிறது. முதல் கூட்டம் மணிக்கணக்கில் பெருகிவிடும். மீத்தேன் செய்பவை ஒன்று இரண்டாக நாள் கணக்கில் ஆகும், அவற்றில் அசிட்டிக் அமிலத்தைச் சாப்பிடும் சில வகைகளுக்கு ஒரு வாரத்தை ஒட்டிக்கூட ஆகும். ஏழு நாளில் தொட்டியே காலியாகி நிரம்புகிறது என்றால் அவை பெருகுவதற்குள் வெளியே போய்விடுகின்றன. அமிலம் செய்கிறவர்கள் உள்ளே, அதைத் தின்கிறவர்கள் வாய்க்காலில். புளித்த நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

கல் இங்கேதான் உள்ளே வருகிறது. நுண்ணுயிர் கல்லின் மேல் ஒரு வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்கிறது. சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்தவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்பதைப் போல, தண்ணீர் வேகமாகக் கடந்து போனாலும் அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது தண்ணீர் தங்கும் காலம் வேறு, நுண்ணுயிர் தங்கும் காலம் வேறு என்று பிரித்துவிடலாம். 30 நாள் என்பதை இரண்டு நாளாகக் குறைக்க முடிவது இதனால்தான். அமெரிக்காவில் யங், மெக்கார்ட்டி என்ற இருவர் 1969-இல் இதைக் கல் நிரப்பிய வடிகட்டியாகச் செய்து காட்டி எழுதினார்கள், அதன் பிறகு வந்த எல்லா வகையும் ஒரு விதத்தில் அதன் பிள்ளைகள்தான்.

ஆனால் இது மேலே தெளிந்த, சக்கை இல்லாத கழிவுநீருக்கு. சாணக் கரைசலில் நார் அதிகம். அதற்குள் ஜல்லியைக் கொட்டினால் நார் கல்லுக்கு இடையில் சிக்கி, ஒரு சில மாதத்தில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓட்டை போட்டுக்கொண்டு போகும், மீதி இடம் செத்த இடம். போதாக்குறைக்கு ஜல்லியே தொட்டியில் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும், இருக்கிற ஏழு நாளும் மூன்றாகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, சாணத்தை முதலில் வாரி எடுத்து அளவான தண்ணீரில் கரைத்துப் பழைய தொட்டிக்கே விடுங்கள். வாரிய பிறகு கழுவுகிற தண்ணீருக்கும் மூத்திரத்துக்கும் தனித் தொட்டி, கல் போட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும், 2,000 லிட்டரை 1,000 லிட்டராகக் குறைக்க முடிந்தால் எந்தக் கல்லை விடவும் அதுதான் பெரிய சிகிச்சை. குழாயின் வாயில் ஒரு நல்ல பிரஷர் முனை மாட்டினாலே பாதி குறையும்.

அந்தியூர் வாசகி: கல் நிரப்பிய தொட்டி என்கிறீர்கள். எந்தக் கல், என்ன அளவு, எப்படிக் கட்டுவது? எங்களிடம் பழைய வீடு இடித்த செங்கல் நிறைய இருக்கிறது.

உடுமலைக்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம், ஒரு நாளைக்கு 2,000 லிட்டர். முதலில் ஒரு கம்பி வலை, வைக்கோலும் தீவனக் குச்சியும் நிற்க. அடுத்து ஒரு நாள் தண்ணீர் நிற்கும் அளவுக்கு ஒரு தெளிவுத் தொட்டி, கசடு அடியில் தங்க. இந்த இரண்டையும் மிச்சம் பிடிக்க நினைத்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், கல் தொட்டி கண்டிப்பாக அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் கல் தொட்டி. வீட்டுக் கழிவுநீருக்கு இது போன்ற வடிகட்டியில் 12 முதல் 36 மணி நேரம் தங்கினால் போதும் என்று கணக்கு வைப்பார்கள், கொட்டில் தண்ணீர் அதைவிடக் கெட்டி என்பதால் இரண்டு நாள் வையுங்கள். அப்படியானால் 4,000 லிட்டர் தண்ணீர் நிற்க இடம் வேண்டும். இங்கேதான் பல மேஸ்திரிகள் தவறுகிறார்கள், 4,000 லிட்டர் தொட்டி கட்டி அதில் ஜல்லியை நிரப்பிவிடுவார்கள். ஜல்லிக்கு இடையில் இருக்கும் வெற்றிடம் ஏறத்தாழ 45 சதவீதம்தான். 4,000 லிட்டர் தண்ணீருக்குக் கல் நிரப்பிய பகுதி மட்டும் 9,000 லிட்டர் பக்கம் வேண்டும். அதை மூன்று அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் அடியில் நுழைந்து கல் வழியாக மேலே ஏறி அடுத்த அறைக்குப் போவது மாதிரி கட்டுங்கள். கல்லை நேராகத் தரையில் போடாமல், துளை போட்ட சிமென்ட் பலகைகளின் மேல் போட்டால் அடியில் கசடு சேர இடம் இருக்கும், அதை உறிஞ்சி எடுக்க ஒரு குழாயும் அப்போதே இறக்கிவிடலாம். கல்லின் மேல் ஓர் அடி தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். மேலே மூடி, காஸ் வெளியேற குழாய்.

கல்லின் அளவு 12 மில்லிமீட்டரிலிருந்து 55 மில்லிமீட்டர் வரை வைப்பது வழக்கம். முக்கால் இஞ்ச் ஜல்லியில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 165 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், ஒன்றரை இஞ்ச் ஜல்லியில் அது பாதியாகும். சின்னக் கல்லில் பரப்பு அதிகம், அடைப்பும் அதிகம். முதல் அறைக்குப் பெரிய கல், கடைசி அறைக்குச் சின்னக் கல் என்று போடுவது புத்திசாலித்தனம்.

செங்கல் தாராளமாகப் போடலாம், சொரசொரப்பாக இருப்பதால் வழவழப்பான கூழாங்கல்லைவிட நுண்ணுயிர் சீக்கிரம் ஒட்டும். ஆனால் நன்றாக வெந்த செங்கல்லாக இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப் போட்டு, கையால் தேய்த்துப் பாருங்கள், மாவாகக் கரைந்தால் வேண்டாம். சுவரிலிருந்து வந்த சுண்ணாம்புக் காரையைத் தட்டிவிட்டுப் போடுங்கள். உடைந்த நாட்டு ஓடும் நல்ல சரக்குதான். எரிமலைக்கல், பியூமிஸ், சுட்டு உப்பவைத்த களிமண் உருண்டை எல்லாம் எடை குறைவு, நுண்துளை அதிகம், வெளிநாட்டுக்காரர்கள் அவற்றைத்தான் புகழ்வார்கள், ஆனால் உள்ளூரில் ஜல்லி கிடைக்கும்போது அதற்காகப் பணத்தைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டி முடித்து மறுநாளே நல்ல தண்ணீர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். படலம் முழுமையாகப் பிடிக்க 6 முதல் 9 மாதம் ஆகும். நன்றாக ஓடும் பட்சத்தில் கழிவின் பளுவில், அதாவது தண்ணீரில் இருக்கும் அழுகும் பொருளில், 50 முதல் 80 சதவீதம் குறையும்.

நெல்லை வாசகர்: பாட்டிலில் வரும் பாக்டீரியா பவுடர் போட்டால் அந்த 6 மாதம் குறையுமா?

பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கோபர் காஸ் கலனிலிருந்து நாலைந்து டிரம் கரைசலை வடிகட்டி ஊற்றுங்கள். வேண்டிய எல்லா நுண்ணுயிரும் அதில் இருக்கிறது, விலை ஒரு டீ. முதல் மாதம் முழு அளவுத் தண்ணீரையும் விடாமல் கால் பங்கில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் அந்தத் தண்ணீரை இந்தத் தொட்டிக்கு விடாமல் வேறு பக்கம் திருப்புங்கள், குளம்பு நோய்க்கு மாட்டின் கால் நனைக்க வைக்கும் மயில்துத்தக் கரைசலையும் அப்படியே. மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் இந்த நுண்ணுயிர்களுக்கு விஷம்.

வேதாரண்யம் வாசகர்: இறால் குளத்துக்கு வாங்கிய ஜியோலைட் நாலு மூட்டை மீதி இருக்கிறது. வீட்டில் ஆறு மாடு, சின்ன கோபர் காஸ் இருக்கிறது. அதில் போட்டால் காஸ் கூடுமா? எவ்வளவு போடுவது?

எல்லோரையும்விட அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜியோலைட் என்பது அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் கூண்டு கூண்டாக அமைந்த கனிமம். அந்தக் கூண்டுக்குள் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து அமோனியம் வந்தால் இடம் விட்டு எழுந்து போகும். கழிவுநீருக்குப் பயன்படுவது கிளினோப்டிலோலைட் என்ற வகை. கியூபாவில் வில்லா கிளாரா மாகாணத்தில் தசஹேராஸ் என்ற இடத்தில் இது நிறைய வெட்டி எடுக்கிறார்கள், பன்றி வளர்ப்பும் அங்கே அதிகம், கையில் இருக்கிற கல்லையும் கையில் இருக்கிற கழிவையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று கியூபா ஆய்வாளர்களும் ஸ்பெயினில் செவில் நகரத்து ஆய்வாளர்களும் பல வருடம் சேர்ந்து வேலை செய்தார்கள். 2001-இல் வெளியான அவர்களுடைய முடிவு: பன்றிக் கழிவுநீரில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் ஜியோலைட் போட்டால் மீத்தேன் உற்பத்தி நன்றாகிறது, 6 கிராமைத் தாண்டினால் கெடுக்கிறது. ஸ்பெயின்காரர்களுக்கு மாட்ரிட் பக்கத்தில் செபியோலைட் என்ற நார்க் களிமண் மலையாகக் கிடப்பதால் அதையும் தாங்கு பொருளாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதிலிருந்து "மீத்தேன் செய்பவற்றை முடக்கும் அமோனியாவை ஜியோலைட் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் காஸ் கூடுகிறது" என்று எல்லா விற்பனையாளரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்றிக் கழிவில் ஒரு லிட்டருக்கு 1 கிராம் அமோனிய நைட்ரஜன் சாதாரணமாக இருக்கும். ஒரு கிராம் ஜியோலைட் 10 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்தால், 4 கிராம் பிடிப்பது 40 மில்லிகிராம். ஆயிரத்தில் நாற்பது. மீதி 960 அப்படியே தண்ணீரில்தான் இருக்கிறது. இதற்குப் போய் மீத்தேன் கூடுமா? அதனால் அந்தச் சின்ன அளவில் நடக்கும் நன்மையில் பெரும் பங்கு, நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதுதான் என்பது என் கணிப்பு. ஒட்டிய இடத்தில் அமிலம் செய்கிறவையும் மீத்தேன் செய்பவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, கைமாற்று சுலபமாகிறது.

ஒட்டுவது என்றதும் இன்னொரு விளம்பரத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு கிராமுக்கு இத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு" என்று மூட்டையில் அச்சடித்திருப்பார்கள். அது அந்தக் கூண்டுகளின் உள்பரப்பு. கூண்டின் வாசல் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, பாக்டீரியா அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. அமோனியம் உள்ளே போகும், பாக்டீரியா வெளியே திண்ணையில்தான்.

சரி, உங்கள் ஆறு மாட்டுக்கு வருவோம். மாட்டுச் சாணத்தில் கார்பன் நைட்ரஜன் விகிதம் 25-க்குப் பக்கம், அதாவது அமோனியாவாக மாறும் நைட்ரஜன் குறைவு, அதனால் அமோனியா பிரச்சினையே பெரும்பாலும் இருக்காது. கரைசலும் சரியான நாள் தங்குகிறது என்றால் ஒட்டிக்கொள்ள இடம் தேடும் அவசரமும் இல்லை, சாணத்து நாரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் போடும் தூள் கலனின் அடியில் மண்ணாகப் படிந்து வருடத்துக்கு வருடம் கொள்ளளவைத் தின்னும். இருக்கும் மூட்டையைக் கொட்டிலில் மாடு மூத்திரம் போகும் இடத்தில் தூவுங்கள், அமோனியா வாடை குறையும், பிறகு குப்பையோடு சேர்ந்து வயலுக்குப் போகட்டும்.

இறால் குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் சோடியம் மலைபோல் இருக்கிறது, அது ஜியோலைட்டின் இடங்களை முன்னமே பிடித்துக்கொள்வதால் அமோனியா பிடிப்பது மிகவும் குறைந்துபோகும். நல்ல தண்ணீரில் செய்த சோதனை எண்களைக் காட்டி உவர்நீர்க் குளத்துக்கு விற்கிறார்கள்.

நாமக்கல் வாசகர்: முட்டைக் கோழிப் பண்ணை. கோழி எச்சத்தைக் கரைத்துக் காஸ் எடுக்கிறோம். ஆரம்பத்தில் நன்றாக வந்தது, இப்போது காஸ் குறைந்து, கண் எரிகிற மாதிரி வாடை. கலனைச் சுடுநீர்ச் சுருள் வைத்துச் சூடாக்கியும் பார்த்தோம், இன்னும் மோசம்.

இது அமோனியாவேதான், சூடாக்கியதும் அதற்கு எண்ணெய் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். அமோனியம் அயனியாக இருந்தால் அவ்வளவு தொந்தரவு இல்லை, கரைந்த அமோனியா வாயுவாக இருந்தால் அது நேராக நுண்ணுயிரின் சவ்வைக் கடந்து உள்ளே போய் மீத்தேன் செய்பவற்றை முடக்கும். எது எவ்வளவு என்பதை பி.எச்-உம் (அமில, காரத் தன்மையின் அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 35 டிகிரியில் பி.எச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குதான் வாயு வடிவம், பி.எச் 8 ஆனால் அது பத்துப் பங்கு. வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும்.

கோழி எச்சத்தில் நைட்ரஜன் மாட்டுச் சாணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. சுருளை நிறுத்துங்கள். எச்சத்தைக் குறைத்து, மாட்டுச் சாணமோ நறுக்கிய சோளத்தட்டையோ கலந்து கார்பனைக் கூட்டுங்கள். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்வதும் உதவும், ஆனால் வெளியே வரும் கரைசலும் அதே அளவுக்குப் பெருகும், அதை எங்கே விடுவீர்கள் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். கனிமம் போட வேண்டும் என்று நினைத்தால் உங்களுக்குத்தான் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. டென்மார்க்கில் 1990-களின் தொடக்கத்திலேயே, அமோனியா மிகுந்த சூடான கலன்களில் பென்டோனைட் களிமண் சேர்த்துப் பார்த்து, அது தடையைக் கொஞ்சம் தளர்த்துவதைக் கண்டார்கள். தளர்த்துகிறது, நீக்குவதில்லை.

மதுராந்தகம் வாசகர்: பன்றிப் பண்ணை, ஹோட்டல் மிச்சம்தான் தீவனம். தினம் 5,000 லிட்டர் கழிவுநீர். அக்கம்பக்கத்தில் சண்டை. லிட்டருக்கு 4 கிராம் ஜியோலைட் என்றால் எனக்கு எவ்வளவு வேண்டும்?

5,000 லிட்டருக்கு 20 கிலோ. ஆனால் தூளாகப் போட்டால் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டே இருக்கும், போனதை ஈடுகட்டத் தினமும் போட வேண்டும். ஆய்வுக்கூடத்துக் குடுவையில் இது தெரியாது, அங்கே உள்ளே போட்டது உள்ளேயே இருக்கும். உங்களுக்குத் தூள் வேண்டாம், பட்டாணி அளவுத் துகளாக வாங்கி, துளையுள்ள கூடைகளில் நிரப்பி, கல் தொட்டியின் கடைசி அறையில் இறக்கிவிடுங்கள். ஒருமுறை போட்டால் நிற்கும், தேவைப்பட்டால் கூடையோடு தூக்கலாம்.

அதற்கு முன்னால் எண்ணெய். ஹோட்டல் மிச்சத்தில் வரும் எண்ணெய்யும் கொழுப்பும் கல்லைச் சுற்றி மெழுகு மாதிரி பூசிக்கொண்டால் படலத்துக்குச் சாப்பாடு போகாது. தெளிவுத் தொட்டிக்கு முன்னால் ஒரு கொழுப்புப் பிடிப்பான் அறை கட்டி, மிதப்பதை வாரத்துக்கு ஒருமுறை வழித்தெடுங்கள். கம்பெனித் தீவனமும் கொடுப்பதாக இருந்தால் அதில் தாமிரமும் துத்தநாகமும் எவ்வளவு என்று மூட்டையில் பாருங்கள், அவையும் கழிவோடுதான் வரும்.

நாற்றத்துக்கு இரும்பு உதவும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு, இரும்பு அதைப் பிடித்துக் கறுப்பாகப் படிய வைத்துவிடும். காஸ் குழாயில் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய ஓர் உருளை வைப்பது பழைய வழி, இன்றும் செல்லும். மூடி இல்லாத குட்டையில் தேக்கி வைப்பதை நிறுத்துவதுதான் பாதிச் சண்டையைத் தீர்க்கும். காஸைப் பற்றவைக்கவும் முடியும்: கழிவின் பளு, வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவில் (கழிவை முழுக்க ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் எடை), ஒரு கிலோ குறைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்க வேண்டும். லிட்டருக்கு 10 கிராம் பளு, அதில் 70 சதவீதம் செரிக்கிறது என்று வைத்தால் உங்கள் 5,000 லிட்டரில் 12 கன மீட்டர் மீத்தேன். காகிதக் கணக்குதான், பாதி வந்தாலும் தீவனம் வேகவைக்க விறகு வேண்டாம்.

பெருந்துறை வாசகர்: மூன்று வருடமாக ஓடிய கல் தொட்டி அடைத்துக்கொண்டது. தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஆள் இறங்கிக் கல்லை அள்ளிக் கழுவலாமா?

யாரும் இறங்கக் கூடாது. தண்ணீரை எடுத்துவிட்டாலும், மூடியை ஒரு நாள் திறந்து வைத்திருந்தாலும், "எதுவும் நாறவில்லை, உள்ளே போகலாம்" என்று யாராவது சொன்னாலும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும், அதிகமானால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், அதனால் நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்று ஆகாது. காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கி நிற்கும். கசடைக் கிளறும் அந்த நொடியில் புதிதாகக் கிளம்பும். முதலில் ஒருவர் விழுவார், அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குவார், இப்படித்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். ஒருவேளை யாராவது விழுந்துவிட்டால் இறங்காமல் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 அழையுங்கள்.

வேலையை மேலிருந்தே செய்யலாம். அடிக் குழாய் வழியாகக் கசடு உறிஞ்சும் லாரியை வைத்து உறிஞ்சுங்கள், மேலிருந்து தண்ணீரை வேகமாக விட்டுத் திரும்ப உறிஞ்சுங்கள், இரண்டு மூன்று தடவை. முழுக்கச் சுத்தம் ஆக வேண்டாம், பளபளவென்று கழுவினால் படலமும் போய் மறுபடி 6 மாதம் காத்திருக்க வேண்டும். அடிக் குழாயே வைக்கவில்லை என்றால் மேலே இருக்கும் கல்லை நீண்ட கைப்பிடி வாரியால் வெளியே நின்று எடுக்கும் அளவுக்கு எடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பக்கத்தில் புதுத் தொட்டி கட்டிக்கொள்வது மலிவு. பீடி, செல்போன், பல்ப் எதுவும் திறந்த மூடிக்குப் பக்கத்தில் வேண்டாம், மீத்தேனும் அங்கேதான் இருக்கிறது.

சேலம், கல்லூரி மாணவி: ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறேன். காந்தக்கல் தூள் போட்டால் மீத்தேன் கூடும் என்று படித்தேன். எங்கள் ஊர்க் கஞ்சமலையில் மேக்னடைட் இருக்கிறதே?

நல்ல தலைப்பு. 2012-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் நெல் வயல் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களோடு மேக்னடைட், ஹேமடைட் என்ற இரும்புக் கனிமங்களைச் சேர்த்தபோது மீத்தேன் வேகமாக வந்ததைக் காட்டினார்கள். வழக்கமாக ஒரு நுண்ணுயிர் இன்னொன்றுக்கு எலக்ட்ரானை ஹைட்ரஜன் வழியாகக் கைமாற்றும், மின்சாரம் கடத்தும் கனிமம் நடுவில் இருந்தால் நேராகவே கடத்திவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். சாதாரண ஜல்லி வெறும் தாங்கு பொருள், இது கொஞ்சம் வேலையும் செய்கிறது என்று சொல்லலாம். உங்கள் சோதனையில் கட்டாயம் மூன்று குடுவை வகை வையுங்கள்: எதுவும் போடாதது, அதே அளவு மணல் போட்டது, மேக்னடைட் போட்டது. மணல் குடுவை இல்லாவிட்டால் கூடிய காஸ் ஒட்டும் இடத்தாலா எலக்ட்ரானாலா என்று யாரும் கேட்டால் பதில் இருக்காது. கஞ்சமலைக் கல் மேக்னடைட்டும் குவார்ட்சும் வரி வரியாகக் கலந்தது, பொடித்து காந்தத்தால் பிரித்தால்தான் உதவும். அதற்காக மலையில் போய்த் தோண்ட வேண்டாம், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள்.

கோப்பாய், யாழ்ப்பாணம், வாசகர்: எங்கள் வளவுக்குள் ஏழு பசுக்கள். கல் தொட்டி கட்டி அதிலிருந்து வரும் தண்ணீரை ஒரு கிடங்கு வெட்டி நிலத்துக்குள் விடலாம் என்று நினைக்கிறேன். தெளிந்த தண்ணீர்தானே, கிணற்றுக்குப் பாதிப்பு வருமா?

வரும், கிடங்கு வேண்டாம். தெளிந்து வருவதால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காற்றில்லாச் செரிமானம் கார்பனைத்தான் காஸாக வெளியேற்றுகிறது. நைட்ரஜன் பதினைந்து சதவீதம் குறைந்தால் அதிகம். புரதத்தில் கட்டிக்கிடந்ததும் உடைந்து அமோனியமாக வருவதால் உள்ளே போனதைவிட வெளியே வரும் தண்ணீரில் அமோனியம் கூடவே இருக்கும். அது மண்ணில் இறங்கி நைட்ரேட்டாக மாறி, உங்கள் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பு வழியே வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போகும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் ஏற்கனவே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி இருக்கிறது, உரமும் மலசலக் குழிகளும் ஒரு பக்கம், இதுவும் சேர வேண்டாம். (இந்திய வாசகர்களுக்கு: இங்கே விதி, ஓடை, ஏரிக்கு விட்டால், மீந்திருக்கும் அழுகும் பொருளின் அளவுகோலான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், பாசனத்துக்கு என்றால் 100-க்குள், ஏரிக்கு விடும் நீரில் அமோனிய நைட்ரஜன் 50-க்குள். கல் தொட்டி மட்டும் வைத்து அந்த 30-ஐத் தொட முடியாது, பாசனத்துக்கு விடத்தான் பாருங்கள்.)

ஜியோலைட் கூடை கடைசியில் வைத்தால் பிடிக்காதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பிடிக்கும். ஆனால் அது அமோனியத்தைவிடப் பொட்டாசியத்தைத்தான் முதலில் விரும்பிப் பிடிக்கிறது, மாட்டு மூத்திரத்திலோ பொட்டாசியம் தாராளம். சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியதைத் தூக்கி வாழைக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ போட்டால் மெதுவாக விடும் உரம், அந்த வகையில் நட்டமில்லை, கிணற்றைக் காப்பாற்ற மட்டும் அதை நம்ப வேண்டாம்.

தண்ணீரைத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சுங்கள், கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, பாத்தியை மாற்றி மாற்றி, மழைக்காலத்தில் விடாமல் தேக்கிவைக்க ஒரு மூடிய தொட்டியோடு. ஒரே பாத்திக்குத் தினமும் விட்டால் புல்லில் நைட்ரேட் ஏறி மாட்டுக்கே நஞ்சாகும், முக்கியமாக வறட்சிக்குப் பிறகு மழை பெய்து திடீரென்று துளிர்க்கும் புல்லில். அப்படித் துளிர்த்ததை உடனே அறுத்துப் போடாமல் ஒரு வாரம் விட்டு, அடித்தண்டை உயர்த்தி அறுத்து, வைக்கோலோடு கலந்து போடுங்கள்.